ஆலயத்துக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்ய இறங்குகிறவர்களுக்கு

ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்ன ஆலயத்துக்கு, இயேசுவை ஆடு மேய்ப்பவராகக் காட்டும் ‘நல்ல ஆயன்’ ஜன்னல் ஒன்று செய்து கொடுத்தேன். ஆறடி உயரம், இரண்டரை அடி அகலம், மேலே கூர்வளைவு. நான்கு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று வாயை விட்டேன்; பதினான்கு மாதம் ஆயிற்று. முப்பது வருடம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன், வரையத்தான் தெரியுமே என்ற துணிச்சல். வரைவது இந்த வேலையில் கால் பங்குகூட இல்லை. மிச்ச முக்கால் பங்கில் நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வெட்டிய வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப்பட்டையால் கோத்துச் செய்யும் இந்த வகை ஜன்னலில் சிவப்பும் நீலமும் தூரிகையிலிருந்து வருவதில்லை. கண்ணாடியை உருக்கும்போதே அதில் சேர்ந்த நிறம் அது. நீங்கள் தீட்டுவது கறுப்பும் பழுப்புமான கோடும் நிழலும் மட்டும். இரும்பு ஆக்சைடும் அரைத்த கண்ணாடித் தூளும் கலந்த பொடியைக் குழைத்துத் தீட்டிச் சூளையில் வைத்தால், 650 டிகிரி செல்சியஸ் வாக்கில் அது கண்ணாடியோடு உருகி ஒட்டிக்கொள்ளும். எழுதுபொருள் கடையில் குப்பியில் விற்கும் ‘கிளாஸ் கலர்’ வேறு சரக்கு. படத்தை அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டும் பிலிமும் வேறு. ஆலயக் குழுவில் ஒருவராவது “இதே படத்தைப் பாதி விலைக்கு ஒட்டித் தருகிறார்களே” என்பார். வெயில் படும் ஜன்னலில் பிலிம் சில வருடங்களில் வெளுத்து ஓரம் சுருளும். சுட்ட கோடு சுவர் உள்ளவரை இருக்கும். இந்தப் பதிலைக் கைவசம் வைத்திருங்கள்.

1. முதலில் கடிதம், பிறகு பென்சில்

பங்குத்தந்தை சரி என்று தலையாட்டியதும் வரைய உட்கார்ந்தேன். அது தவறு. கத்தோலிக்க ஆலயம் என்றால் பங்குப் பேரவையின் தீர்மான நகல், பங்குத்தந்தையின் கடிதம், பத்தில் ஒரு பங்கு அளவில் நிறம் தீட்டிய வரைபடம் ஆகிய மூன்றும் ஆயர் (பிஷப்) இல்லத்துக்குப் போய் எழுத்தில் ஒப்புதல் வரவேண்டும். தென்னிந்தியத் திருச்சபை ஆலயம் என்றால் சபைக் குழு, பிறகு திருமண்டல அலுவலகம். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். என் முதல் உறை ஒரு மேசையில் ஏழு வாரம் தூங்கியது. கேட்டபோது வரவே இல்லை என்றார்கள். மறுக்க என்னிடம் சீட்டு இல்லை.

அவசரப்படுவதற்கு இன்னொரு காரணம் குருக்களின் இடமாற்றம். அது பெரும்பாலும் கோடையில் வரும். புதிதாக வருகிறவருக்கு வேறொரு புனிதர்மேல் பக்தி இருக்கலாம். தீர்மானத்தில் ஜன்னலின் பொருள், அளவு, இடம் மூன்றும் எழுதியிருந்தால் யார் வந்தாலும் வேலை நிற்காது.

ஏற்கெனவே இருக்கும் ஜன்னல் வாயில் கண்ணாடி பொருத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “கொஞ்சம் அகலப்படுத்தினால் என்ன” என்று யாராவது கேட்டால் காது கேட்காததுபோல் இருங்கள். ஏற்காட்டில் கட்டட வேலை என்றால் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் குறுக்கே வரும். அதற்கு அலைவது தனி ஊழியம்.

படத்தைப் பற்றிய பேச்சையும் இந்தக் கட்டத்திலேயே முடித்துவிட வேண்டும். என் முதல் வரைபடத்தில் ஆடுகள் பஞ்சுப் பொதிபோல வெள்ளையாக இருந்தன. பங்குத்தந்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஐயா, இந்த ஆடு எந்த ஊர்? நம் ஜனம் மேய்ப்பது மேச்சேரி ஆடுதானே” என்றார். வெளிர் பழுப்பு, குட்டை முடி, கொம்பில்லாத தலை. அப்போது எரிச்சலாக இருந்தது. அந்த ஆடுதான் பின்னால் என் ஜன்னலைக் காப்பாற்றியது.

2. பணமும் பெயரும்

ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதுங்கள். 40 சதவீதம் முன்பணம், தீட்டிச் சுட்டு முடித்ததும் 40, பொருத்தியதும் 20 என்பது தாங்கும் கணக்கு. வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, சாரம் கட்டும் செலவு யாருடையது என்பவையும் அதில் இருக்கட்டும். நிர்வாகம் ஒரே தவணையில் 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் தனிநபர் ஒப்பந்தக்காரரிடம் 1 சதவீதம் வரி பிடிக்க வேண்டியிருக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும்.

நன்கொடையாளர் வெளிநாட்டில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இந்தியக் குடிமகனாகவே இருந்து துபாயிலிருந்து தன் வங்கிக் கணக்கு வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுத்தால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அந்த அனுமதி பெற்ற அமைப்புக்கு டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கும் தனிக் கணக்கு வழியாகத்தான் வரமுடியும். “நேராக உங்கள் கணக்கில் போட்டுவிடட்டுமா” என்று கேட்பார்கள். வேண்டாம்.

கண்ணாடியின் அடியில் ‘இன்னார் நினைவாக’ என்று எழுதுவது வழக்கம். என் நன்கொடையாளர் வீட்டில் முதலில் ஒரு பெயர் தந்தார்கள். ஒரு மாதத்தில் அது பேரன் பேத்திகள் உட்பட பதினேழு பெயர் ஆனது. இரண்டு வரிக்கு மேல் இடமில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எழுத்துப்பிழை பார்த்துக் குடும்பத்தார் கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டுதான் தூரிகையைத் தொடவேண்டும்.

செலவு? பதினைந்து சதுர அடி ஜன்னலுக்கு எனக்கு ஆனது இது. வண்ணக் கண்ணாடி, உடைசலுக்கும் சேர்த்து, 31,000. தீட்டும் பொடி, வெள்ளிச் சாயம், தூரிகைகள் 13,500. ஈயப்பட்டை, பற்றாசு, எண்ணெய் வகை 9,500. சூளை வாடகை 11 முறைக்கு 16,500. எவர்சில்வர் சட்டமும் கம்பிகளும் 12,000. வெளிப்புறக் காப்புக் கண்ணாடி 4,500. வண்டி, சாரம், கொத்தனார் 14,000. கூட்டினால் 1,01,000 ரூபாய். நான் ஒப்புக்கொண்ட தொகை 85,000. என் கூலி எங்கே என்று வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

3. ஜன்னல் வாயை அளப்பது

பழைய கட்டடத்தில் ஒரே வரிசையில் இருக்கும் நான்கு ஜன்னல்கள்கூட ஒரே அளவில் இருக்காது. கொத்தனார் சொன்ன அளவையோ கட்டட வரைபடத்தையோ நம்பாதீர்கள். அடியிலும் நடுவிலும் வளைவு தொடங்கும் இடத்திலும் அகலத்தை அளந்து, வளைவுக்குக் கெட்டி அட்டையை வெட்டி நேரே வைத்துப் பாருங்கள். என் ஜன்னலில் இடது தோள் வலதைவிட 11 மி.மீ. தாழ்ந்திருந்தது. கண்ணாடி பதியும் காடியின் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, சுற்றிலும் 3 மி.மீ. குறைத்துச் செய்யுங்கள்.

காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் அங்கே போய் நில்லுங்கள். சேலத்து உச்சி வெயிலுக்கு அடர்நீலம் நிற்கும். மலையில் பாதி நாள் மூடுபனி. அதே நீலம் கரிப்பிடித்த பாத்திரம்போல் இருண்டு கிடக்கும். ஜன்னலுக்கு வெளியே சவுக்கு மரமோ சில்வர் ஓக்கோ நின்றால் அதன் நிழல் உங்கள் படத்தின்மேல் விழும். கிளையைக் கழிப்பார்களா என்று தோட்டக்காரர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

4. கண்ணாடி வாங்குதல்

உருக்கி வார்த்த வண்ணக் கண்ணாடி சேலத்தில் கிடைக்கவில்லை. சென்னைக்கு ஒருமுறை நேரில் போய், தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கினேன். வாயால் ஊதிய ஐரோப்பியக் கண்ணாடி அழகுதான். ஜெர்மனியின் வால்ட்சாசன் ஊரில் இன்னும் அப்படி ஊதுகிறார்கள். விலைக்கு நம் கை எட்டாது. உருளையில் இழுத்த கண்ணாடி போதும். முகத்துக்கும் கைக்கும் மட்டும் நல்ல துண்டாகப் பொறுக்குங்கள். கணக்கிட்ட பரப்பைப்போல ஒன்றரை மடங்கு வாங்குங்கள். அதே நீலம் அடுத்த முறை வராது.

பணம் மிச்சம் பிடிக்கச் சாதாரண ஜன்னல் கண்ணாடியில் தீட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் ஒரு முகத்தில் தகரத்தின் படலம் உண்டு. தயாரிக்கும்போது உருகிய தகரத்தின்மேல் மிதந்த முகம் அது. அந்தப் பக்கம் தீட்டிச் சுட்டால் மங்கலாகப் பனி படர்ந்ததுபோல் ஆகலாம். எந்த முகம் என்று காட்டுவதற்குத் தனிப் புறஊதா விளக்கு இருக்கிறது. ரூபாய் நோட்டுச் சோதிக்கும் விளக்கு உதவாது.

5. வெட்டுதல்

முழு அளவில் வரைந்து, ஈயம் போகும் கோடுகளைத் தடித்துப் போடுங்கள். இருபுறமும் கண்ணாடி செருகும் ஈயப்பட்டையின் நடுத்தண்டுக்கு ஒன்றரை மி.மீ. இடம் விட்டு அட்டை மாதிரிகளை வெட்டுங்கள். அதை விட மறந்தால் நாற்பது துண்டு சேர்த்ததும் படம் சட்டத்தைவிட இரண்டு விரற்கடை பெரிதாகி நிற்கும். உள்வளைவு ஆழமான துண்டுகளைத் தவிருங்கள். கண்ணாடி அப்படி வெட்டுப்படாது. மற்றபடி கண்ணாடி வெட்டும் வைரத்தைப் பிடிக்கும் கை இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழைய கண்ணாடியில் கீறிப் பழகுங்கள்.

6. தீட்டுதல்

பொடியைத் தண்ணீரில் குழைத்து, கருவேலம் பிசின் கரைசலைச் சொட்டு விடவேண்டும். பிசின் குறைந்தால் விரல் பட்டதும் கோடு உதிரும். கூடினால் சூளையில் கோடு அப்பளம்போல் பொரிந்துவிடும். அளவைச் சொல்லி விளக்க முடியாது. உடைந்த துண்டுகளில் ஐந்து வகைக் கலவை போட்டு, ஒவ்வொன்றையும் எண் எழுதிச் சுட்டுப் பாருங்கள்.

மேசையில் அழகாகத் தெரியும் மெல்லிய கோடு ஜன்னலில் காணாமல் போகும். வெளிச்சம் இரு பக்கமும் கசிந்து கோட்டைத் தின்றுவிடும். கண்ணிமைக் கோட்டைக்கூட நீங்கள் நினைப்பதைப்போல இரு மடங்கு தடிமனாகப் போடுங்கள். தீட்டிய துண்டைத் தேன்மெழுகால் ஒரு பெரிய கண்ணாடியில் ஒட்டி, வானத்துக்கு நேராக நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நிழலுக்கு முழுப்பரப்பிலும் மெல்லிய பூச்சுப் பூசி, காய்ந்தபின் வெளிச்சம் வேண்டிய இடத்தில் கெட்டி முடித் தூரிகையால் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். சேர்ப்பதைவிட எடுப்பதுதான் இங்கே ஓவியம்.

தமிழ் எழுத்து எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நினைவு வரியைக் கறுப்புப் பூச்சில் கீறி வெள்ளையாக எழுதினேன். பத்தடியில் நின்று பார்த்தால் மெய்யெழுத்தின் புள்ளிகள் ஒளிபட்டு வீங்கி எழுத்தோடு ஒட்டிக்கொண்டன. வெளிர்க் கண்ணாடியில் கறுப்பாக எழுதிப் பார்த்தேன். ஒளி புள்ளிகளை விழுங்கிவிட்டது. புள்ளி போனால் நம் மொழியில் பெயரே மாறிவிடும். மூன்றாம் முறை, புள்ளியை 4 மி.மீ. அளவில் போட்டு எழுத்துக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி வைத்தேன். தாளில் பார்க்க அசிங்கம். ஜன்னலில் சரியாக இருக்கிறது.

7. சூளை

சூளையை வாங்காதீர்கள், முதல் ஜன்னலுக்கு. வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள மின்சூளை வைத்திருக்கும் பீங்கான், எனாமல் பட்டறைக்காரர்களிடம் வாடகை பேசுங்கள். வாங்கியே ஆகவேண்டும் என்றால் வீட்டின் ஒற்றை முனை இணைப்பு தாங்காது. மும்முனைக்கு மின்வாரியத்தில் விண்ணப்பிக்கவும் தொழில் கட்டணப் பிரிவுக்கு மாறவும் ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

மணிக்கு 150 டிகிரி என்ற கணக்கில் மெதுவாக ஏற்றுங்கள். 650 முதல் 670-க்குள் பத்து நிமிடம் நிற்கட்டும். பிறகு 550-லிருந்து 480-க்கு இறங்க ஒரு மணி நேரம் எடுக்கவேண்டும். கண்ணாடியின் உள்ளிறுக்கம் தணிவது அங்கேதான். அதற்குக் கீழே தானாக ஆறட்டும். உள்ளே 60 டிகிரிக்கு வந்தபின்தான் கதவைத் திறக்கவேண்டும்.

என் முதல் சூட்டில் வெப்பமானி தவறாகக் காட்டியது. திறந்து பார்த்தால் ஆயனின் முகத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. வெளிர் ரோஜா நிறக் கண்ணாடி மட்டும் சிரித்தது. சூடு அதிகமானால் கோடு வெளுத்துப் போகும் என்பதை அன்று படித்தேன். மூன்றாம் சூட்டின்போது ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போய் நான்கு துண்டு விரிசல் விட்டது. குற்றம் என்னுடையது: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றுதான் என்று காலை நாளிதழில் ஊர்ப்பெயரோடு போட்டிருந்தார்கள். ‘நாளைய மின்தடை’ பகுதியைப் பார்த்துவிட்டே சூளையை மூட்டுங்கள். இரவுச் சூடு இன்னும் நல்லது.

8. வெள்ளிச் சாயம்

வெள்ளி உப்பைக் காவி மண்ணில் குழைத்துக் கண்ணாடியின் பின்புறம் பூசிச் சுட்டால், வெள்ளி கண்ணாடிக்குள்ளேயே இறங்கி எலுமிச்சை மஞ்சள் முதல் அடர் தேன் நிறம் வரை தரும். இதற்குச் சூடு குறைவு, 560 முதல் 600-க்குள். அதனால் கோடுகளைச் சுட்டு முடித்தபின் தனியாகச் செய்யவேண்டும். இரும்புக் கரண்டியோ இரும்புப் பிடி போட்ட தூரிகையோ கூடாது; கெட்டுவிடும். கையுறை இல்லாமல் தொட்டால் விரல் ஒரு வாரம் கறுத்திருக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தெருவுக்குத் தெரு கொலுசுப் பட்டறை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு வெள்ளிச் சாயத்துக்குச் சென்னைப் பார்சலுக்குக் காத்திருந்தது எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

மேச்சேரி ஆட்டுக்கு வந்தோம். நிறமில்லாத கண்ணாடி, முன்பக்கம் மெல்லிய பழுப்பு நிழல், பின்பக்கம் வெள்ளிச் சாயம். சுட்டு எடுத்ததும் அந்த வெளிர் பழுப்பு அப்படியே வந்தது. வெள்ளை ஆடாக இருந்திருந்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்க வெறும் வெளிச்ச ஓட்டையாகக் கண்ணைக் குத்தியிருக்கும்.

9. ஈயம்

பழைய பேட்டரி ஈயத்தை உருக்கிப் பட்டை இழுத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அதில் ஆன்டிமனி கலந்திருக்கும். விறைத்து நிற்கும், வளையாது. தூய ஈயப்பட்டையை வாங்கி, ஒரு முனையைப் பிடியில் இறுக்கி இழுத்து நேராக்கியபின் பயன்படுத்துங்கள். இணைப்புகளை 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த பற்றாசால் இருபுறமும் பற்றவைக்கவேண்டும். பற்றாசு 190 டிகிரியிலேயே உருகிவிடும், ஈயத்துக்கு 327 வேண்டும். ஆனாலும் சூட்டுக்கோலைத் தூங்கவிட்டால் பட்டையில் ஓட்டை விழும்.

பிறகு சாக் மாவு, ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் விளக்குக் கரி சேர்த்துப் பிசைந்த கலவையைப் பட்டைக்குள் தூரிகையால் திணித்து, மேலே மாவு தூவித் துடைக்கவேண்டும். மழைநீரைத் தடுப்பது இதுதான். மூன்று வாரம் படுக்கையாகக் காயட்டும்.

வேலை நடக்கும் அறையில் சாப்பாடு, டீ, குழந்தைகள் மூன்றும் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சட்டையை அங்கேயே கழற்றுங்கள், பொடி கலக்கும்போது முகக்கவசம் போடுங்கள். மாதக்கணக்கில் செய்பவர்கள் இரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துக்கொள்ளவேண்டும்.

10. மலையேற்றமும் பொருத்துதலும்

ஆறடியை ஒரே பலகையாகச் செய்யாதீர்கள். மூன்றாகப் பிரித்தேன், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து கிலோ. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. கண்ணாடியைப் படுக்க வைத்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் நடுவில் தொய்ந்து முறியும். செங்குத்தாக நிறுத்தி, இடையில் தெர்மாகோல் கொடுத்து, வண்டி ஓடும் திசைக்கு இணையாகக் கட்டுங்கள். சனி ஞாயிறு வேண்டாம். வளைவில் சுற்றுலா வண்டிகள் எதிரே நின்று பிரேக் போடவைப்பார்கள்.

நாள் குறிப்பதற்கு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் வாரங்களே தோது. திருமணங்கள் இராது, சாரம் நின்றால் யாரும் முணுமுணுக்கமாட்டார்கள், மலையில் மழையும் குறைவு. புனித வாரத்துக்கு முன் இறங்கிவிடுங்கள்.

குறுக்குக் கம்பிகளை எவர்சில்வரிலோ பித்தளையிலோ போடுங்கள். இரும்பு துருவேறிப் பருத்துக் கல்லையே பிளக்கும். சேலம் இரும்பாலை ஊர்க்காரர்களுக்கு எவர்சில்வர் கிடைப்பதா கஷ்டம்? பலகைகளின் பின்னால் பற்றவைத்த செம்புக் கம்பியை இதில் முறுக்கிக் கட்டவேண்டும். காடியில் சிமெண்ட் வைக்க விடாதீர்கள். கொத்தனார் கைபோகும் திசை அதுதான். சுண்ணாம்புக் கலவை என்றால் நாளை ஒரு துண்டு உடைந்தாலும் சுரண்டி எடுக்கலாம்.

வெளியே இரண்டு அங்குலம் தள்ளி, கடினமாக்கிய காப்புக் கண்ணாடி ஒன்று கட்டாயம். ஏற்காட்டுக் குரங்குகளுக்கு ஆயன் என்றும் ஆடு என்றும் வேற்றுமை கிடையாது. ஆனால் அதை நாலாபுறமும் அடைத்துவிட்டால் இடையில் பனி கோத்து வழியும். மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி விட்டுப் பூச்சிவலை போடுங்கள்.

முதல் பெருமழை பெய்யும் நாளில் ஒரு டார்ச் விளக்கோடு போய் உள்பக்கம் கீழ் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் அந்த இணைப்பில் மட்டும் கலவையை மறுபடி திணித்தால் போதும். மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளுக்கு முழு அளவு வரைபடத்தில் உள்ள எண்ணையே எழுதி, நாளிதழில் சுற்றி, வரைபடத்தோடு சேர்த்துப் பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில் ஒப்படையுங்கள். அதற்கும் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.